எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை: என் அனுபவம்

திருப்பூரில் பெரிய பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஐந்து வருடத்துக்கு மேல் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரின் (வெளிநாட்டில் வாங்குபவரின்) ஆர்டரை நூல் முதல் ஷிப்மென்ட் வரை கவனிக்கிறவராக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். படிப்பை முடித்துவிட்டு "இந்த மாதிரி இடத்தில் சேரலாமா அக்கா?" என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தொழில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துவைத்தால் சுருங்காதபடி துணியை அமுக்குவது), கட்டிங் என்று ஒவ்வொரு இடத்திலும் நிற்க வைத்தார்கள். சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு துணியை வட்டக் கட்டரில் வெட்டி எடை போட்டு, 1.6 கிராம் வந்தால் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் ஃபேப்ரிக் பிரிவு அண்ணன் ஒருவர். பகல் வெளிச்சத்தில் சரியாக இருக்கிற ஷேடு கடை விளக்கில் வேறு நிறமாகத் தெரியும். அதை லைட் பாக்ஸில் (பல வகை விளக்குகள் உள்ள பெட்டி) லேப் டிப்பை (சோதனைக்குச் சாயமேற்றிய சிறு துணி) வைத்துக் காட்டியதும் அவர்தான். காலேஜில் இதைப் படித்திருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை.

சரி, கஷ்டத்துக்கு வருகிறேன். நூலில் தொடங்கி பாலிபேக் வரை எது தாமதமானாலும் கேள்வி நம்மிடம்தான் வரும். ஐரோப்பிய பையர் ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மதியம் ஆகிவிடும். அவர்கள் கிளம்பும் வரை மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டு வீடு திரும்ப இரவு பத்தைத் தாண்டும். தையல் பிரிவுக்கு ஓவர்டைம் உண்டு, ஸ்டாஃபுக்குக் கிடையாது.

சரக்கை அனுப்பும் முன் நடக்கும் தரச் சோதனையான இன்ஸ்பெக்ஷன் இன்னும் கடினம். 3,000 பீஸ் ஆர்டரில் ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்றால் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். ஒருமுறை எங்களுக்கு எட்டாவதாக ஒரு பீஸில் கழுத்துத் தையல் விட்டிருந்தது. லாட் முழுக்க மறுபடி செக்கிங். தூத்துக்குடியில் கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்பினால் அந்த ஆர்டரில் லாபமே நிற்காது. அதனால் செக்கிங் அக்காக்கள் விடிய விடிய நின்றார்கள், நானும் கூட நின்றேன். சரக்கு நேரத்துக்குப் போய்விட்டது. மறுநாள் மீட்டிங்கில் எங்களுக்குத் திட்டு மட்டும்தான். கால் வீங்க நின்ற அந்த அக்காக்களைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கம்பெனி மேல் எனக்குத் தீராத வருத்தம் அதுதான்.

சம்பளம் தேதி தவறியதில்லை, அப்புறம் கேன்டீன் சாப்பாடும் நன்றாக இருக்கும். ஆனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிப் பிரித்திருந்தார்கள். அதனால் பிஎஃப்பில் குறைவாகத்தான் சேர்ந்தது. விலகும்போது 15/26 கணக்குப்படி (மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம்) வந்த கிராஜுவிட்டியும் எதிர்பார்த்ததைவிடக் கம்மி. ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள்.

இப்போது ஒரு பையிங் ஆபீஸில் (பையர் சார்பில் இங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் அலுவலகம்) இருக்கிறேன். இந்த வேலை கிடைத்தது அங்கே கற்றதால்தான். எனவே கேட்கிறவர்களிடம் சேரச் சொல்கிறேன், ஆனால் முதல் வருடம் ஃபேப்ரிக் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கைக்குழந்தையோ, உடம்பு முடியாத பெற்றோரோ இருந்தால் மாதிரி உடை தயாரிக்கும் சாம்பிளிங் பிரிவில் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நான் பார்த்தவரை அங்கே ஷிப்மென்ட் இரவுகள் கிடையாது.