சாணக் குழிக்கு எது நல்ல இரை: மாப்பொருளா, பீ.எச்.பி.யா?

தாவரங்கள் தமக்கு மிஞ்சிய காபனை மாப்பொருளாக்கிக் கிழங்கிலும் விதையிலும் ஒதுக்கி வைக்கின்றன. பற்றீரியாக்கள் பல அதையே பொலி ஐதரொட்சி பியூற்றிரேற்று, சுருக்கமாகப் பீ.எச்.பி., என்னும் எசுத்தர்ச் சங்கிலியாக்கித் தம் கலத்துக்குள் மணிமணியாகச் சேர்க்கின்றன. பசிலசு மெகற்றீரியத்தில் இப்பொருளை 1926இல் இனங்கண்டவர் பிரெஞ்சு அறிஞர் மொரிசு லெமுவாஞ். இன்று இதிலிருந்து மக்கும் பைகளும் செய்யப்படுகின்றன. மலையகத்து வீடொன்றில் சாணத்திலிருந்து அடுப்புக்கு வாயு தரும் உயிர்வாயுக் குழிக்கு மிஞ்சிய சோறும் உருளைக்கிழங்கும் ஏற்றவையா, நாற்றுத் தவறணைக்குப் பயன்படக்கூடிய இத்தகைய பைகள் ஏற்றவையா என்று பார்ப்போம்.

மாப்பொருளை உடைப்பது காற்றின்றி வாழும் பற்றீரியாக்களுக்குச் சிரமமான வேலையன்று. வேகவைத்த மணிகள் ஊதிக் குழைந்திருப்பதால், குளொசுத்திரிடியம் போன்றவை சுரக்கும் அமிலேசு நொதியம் அவற்றை விரைவில் குளுக்கோசாக்கிவிடும். பச்சை உருளைக்கிழங்கின் மணிகளோ நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். இந்த வேகமே ஆபத்தாகவும் முடியும். அட்டன் பக்கம் ஒரு வீட்டில், கோயில் திருவிழா அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை இரண்டு வாளி குழியில் கொட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் வாயு வழக்கத்தைவிட நிறையவே வந்தது. ஆனால் அடுப்பில் பற்றவில்லை. கரைசலில் புளித்த வாடை. நீலப் பாசிச்சாயத்தாள் சிவந்தது. அமிலம் ஆக்கும் பற்றீரியாக்கள் முந்திக்கொள்ள, அந்த அமிலத்தை எரியும் வாயுவான மெதேனாக்க வேண்டிய நுண்ணுயிர்கள் பின்தங்கி முடங்கிவிட்டன. வந்த வாயுவில் பெரும்பங்கு எரியாத காபனீரொட்சைட்டு.

பீ.எச்.பி.யின் கதை வேறு. கலத்தை விட்டு வெளிவந்ததும் இது பளிங்குருப் பெற்று இறுகிவிடுவதால், பற்றீரியா வெளியே சுரக்கும் நொதியம் அதன் மேற்பரப்பை மட்டுமே கொஞ்சங்கொஞ்சமாக அரிக்க முடியும். கழிமுகச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1990இல் விபரிக்கப்பட்ட இலையோபக்ரர் டெலாஃபீல்டியை என்னும் பற்றீரியா இதை நொதிக்கவைத்து அசற்றேற்று, பியூற்றிரேற்று, ஐதரசன் ஆகியவற்றைத் தருகிறது. உண்ணும் பொருட்கள் மிகச் சிலவே என்பதால், அதைப் பத்தியக்காரர் என்று சொல்லலாம். அமிலம் இங்கும் உருவாகிறது. ஆனால் சொட்டுச் சொட்டாக வருவதால் மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கு அதைத் தின்று தீர்க்க அவகாசம் கிடைக்கிறது.

விளைச்சலிலும் பீ.எச்.பி.யே முந்துகிறது. இரசாயனச் சமன்பாட்டின்படி, முற்றாக உடைந்தால் ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 415 மில்லிலீற்றர் மெதேனையும் ஒரு கிராம் பீ.எச்.பி. ஏறத்தாழ 585 மில்லிலீற்றரையும் தர வேண்டும். பின்னதில் ஒட்சிசன் விகிதம் குறைவு என்பதே காரணம். நுண்ணுயிர்கள் வளரத் தேவையான நைதரசன் இரண்டிலும் இல்லை. அதைச் சாணமே தந்தாக வேண்டும்.

எனினும் கணக்கு வேறு, குளிர் வேறு. இத்தகைய குழிகளுக்கு 35 பாகை செல்சியசு உகந்தது; நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியோ 16 பாகையை ஒட்டியது. அந்தக் குளிரில் மெதேன் ஆக்குவோர் மேலும் சோர்வதால் சோற்றுக் குழி புளிக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பீ.எச்.பி.யும் தப்பவில்லை: தடித்த பையை அப்படியே போட்டால், அது முழுதாக உடையுமுன் கழிவுக் கரைசலோடு வெளியே வந்துவிடும். ஆகவே அதை மெல்லிய கீலங்களாக வெட்டியே இட வேண்டும்.

'சோளத்தில் செய்தது, மக்கும்' என்று விற்கப்படும் பொலிலற்றிக்கமிலப் பைகளை இவ்விரண்டோடும் சேர்த்து எண்ணக் கூடாது. அது எந்த உயிரும் சேமித்து வைத்த பொருளன்று. 60 பாகையை அண்மிக்காத குழியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

என் தெரிவு, மெல்லியதாகக் கிடைக்குமானால், பீ.எச்.பி.தான். ஆனால் நம் வீடுகளில் அன்றாடம் மிஞ்சுவது சோறு. அதை வேகவைத்த நிலையில், சாணத்தோடு கலந்து, சிறுகச் சிறுக இடுவதே வழி. அட்டன் வீட்டார் இரண்டு வாரம் சோற்றை நிறுத்திச் சாணக் கரைசலை மட்டும் ஊற்றிய பிறகே நீலச் சுடர் திரும்பியது. இப்போது அங்கே குழிக்குப் போவது நாளுக்கு ஒரு சிரட்டைச் சோறு.