பழைய ஒடிசி கியர்பாக்ஸ்: ரீபில்டா, யார்டு பாக்ஸா?

அமெரிக்கால 1999-2001 ஹோண்டா ஒடிசி வச்சிருக்கவங்களுக்கு ஆட்டோ கியர்பாக்ஸ் தலைவலி புதுசில்ல, கம்பெனியே அதுக்கு வாரண்டிய 7 வருஷம், 1 லட்சம் மைல்னு நீட்டிச்சது, அதுவும் எப்பவோ முடிஞ்சு போச்சு. மொதல்ல கியர் ஆயில் பாக்குற குச்சிய (டிப்ஸ்டிக்) உருவிப் பாருங்க, வண்டி கம்ப்யூட்டர்ல என்ன எரர் கோடு (code) இருக்குன்னும் ஸ்கேன் பண்ணுங்க, சில சமயம் ஆயில் ஓட்டத்த கன்ட்ரோல் பண்ற மின் வால்வான சோலனாய்டு மாத்தினாலே சரியாயிடும். ஆயில் கருகுன நாத்தம் அடிச்சா கதை முடிஞ்சது, பாக்ஸையே மாத்தணும், இல்லன்னா பிரிச்சு சரி பண்ணணும்.

யார்டு பாக்ஸ், அதாவது பழைய வண்டிங்கள உடைக்கிற யார்டுல கழட்டி விக்கிற பாக்ஸ், விலை கம்மி, வேலையும் சீக்கிரம் முடியும், ஆனா அதே வருஷத்து வண்டியில கழட்டுனதுன்னா இந்த வண்டிங்களுக்கு வர்ற மூணாவது கியர் கிளட்ச் தேயுற வியாதி அதுலயும் இருக்கலாமே! பாக்ஸப் பிரிச்சு தேஞ்ச பார்ட்ஸ மாத்துற ரீபில்டுக்கு செலவு ஜாஸ்திதான், ஆனா கிளட்ச், சீல் எல்லாம் புதுசு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வர்ட்டரையும் மாத்தித் தருவாங்களான்னு கேட்டுக்கங்க, பழசையே போட்டா அதுக்குள்ள தங்குன தூள் புதுசையும் காலி பண்ணிடும். இன்னும் நாலஞ்சு வருஷம் ஓட்டப்போறீங்கன்னா ரீபில்டுதான். சீக்கிரம் வித்துடுவீங்கன்னா யார்டு பாக்ஸே போதும்.