காட்டுத்தீக்குப் பிறகு வீட்டுக் காப்பீடு: கலிஃபோர்னியா அனுபவம்

சாண்டா ரோசாவில் வீடு வாங்கியதிலிருந்தே காப்பீடு வைத்திருக்கிறோம். 2020 செப்டம்பரில் ‘கிளாஸ் தீ’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ பரவியபோது ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. வீடு தப்பியது, உள்ளே புகையும் சாம்பலும்தான். ஹோட்டல் செலவையும் சுத்தம் செய்த செலவையும் நிறுவனம் இழுத்தடிக்காமல் கொடுத்தது.

கவலை அப்புறம்தான் ஆரம்பித்தது: பாலிசியைப் புதுப்பிப்பார்களா? அதற்கு 2018-இல் வந்த சட்டம் கைகொடுத்தது. ஆளுநர் அவசரநிலை அறிவித்ததிலிருந்து ஓராண்டுக்கு, தீ எரிந்த பகுதியிலும் அதை ஒட்டிய ஜிப் கோடு (அஞ்சல் குறியீடு) பகுதிகளிலும், அங்கே காட்டுத்தீ வந்தது என்பதற்காக மட்டும் பாலிசியை நிறுத்தக் கூடாது. ஆனால் பிரீமியம் ஏறுவதை அது தடுக்காது.

ஓராண்டு கழிந்ததும் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்துவிட்டது. 75 நாள் முன்னதாகச் சொல்லியாக வேண்டும் என்பதால் வேறு இடம் தேட அவகாசம் கிடைத்தது. கேட்ட நிறுவனங்கள் எல்லாம் கைவிரிக்க, கடைசியில் வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கான ஃபேர் பிளான்தான். தீ, புகை சேதத்தை அது பார்த்துக்கொள்ளும். திருட்டு, குழாய்க் கசிவுக்கெல்லாம் தனி பாலிசி எடுத்தோம். இரண்டும் சேர்ந்து பழைய பிரீமியத்தைவிட நிறையவே அதிகம். இருந்தாலும் விடவில்லை.

2025 ஜனவரியில் ஈட்டன் என்ற காட்டுத்தீயில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆல்டடீனாவில் இருக்கும் நண்பர் வீட்டை முழுசாக இழந்தார். நான்கு மாத வாடகைச் செலவை முன்பணமாகக் கேட்டு வாங்கினார். எரிந்துபோன ஒவ்வொரு கரண்டிக்கும் பட்டியல் போடாமலேயே, கட்டடக் காப்பீட்டில் 30 சதவீதம் வரை, அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்காகக் கிடைக்கும் என்றும் அப்போது சட்டம் இருந்தது. அழுதுகொண்டே பட்டியல் எழுதும் கொடுமையிலிருந்து அது அவரைக் காப்பாற்றியது. இப்படி முழுசாக இழந்தவர்களுக்கு அடுத்த இரண்டு முறையாவது பாலிசியைப் புதுப்பித்துத் தரவேண்டும் என்பதும் பெரிய ஆறுதல்.

ஆனால் கட்டடத்துக்குப் போட்ட தொகையே போதவில்லை என்றால் இந்தச் சட்டங்கள் எதுவும் அதை உயர்த்தாது. நண்பர் இப்போது தவிப்பது அதில்தான். அதனால் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் இன்றைய விலையில் வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டு, தொகையை ஏற்றிவிடுகிறேன். புதிய கட்டட விதிகளால் கூடும் செலவுக்கும் கவரேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளமும் நிலநடுக்கமும் சாதாரண பாலிசியில் வராது. அமெரிக்க மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். எரிந்த மலைச்சரிவுக்குக் கீழே இருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.