ஊருக்குப் போகும்போது தைராய்டு ஊசி டெஸ்ட்: ரிப்போர்ட்டில் 3, 4 என்று வந்தால்

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குப் போனால், சென்னை, மதுரை, கோவை மாதிரி இடங்களில் தைராய்டு கட்டிக்கு எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். காலையில் ஸ்கேன் சென்டருக்குப் போனால் பெரும்பாலும் அன்றைக்கே ஊசி, ஓரிரு நாளில் ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் முறைதான் பெதஸ்டா. அதில் இரண்டுங்கெட்டான் வகைகளான 3 அல்லது 4 என்று வந்து, ரிட்டர்ன் டிக்கெட்டும் நெருங்கிவிட்டால்தான் தலைவலி.

2023 பெதஸ்டா பதிப்பின்படி புற்றுநோய் வாய்ப்பு 3-க்குச் சராசரியாக 22%, 4-க்கு 30%. இது ஆபரேஷன் ஆனவர்களை வைத்துப் போட்ட கணக்கு. சந்தேகம் அதிகமுள்ளவர்களைத்தானே ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள்? 3 வந்த எல்லோரையும் சேர்த்தால் வாய்ப்பு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 3-க்கு மறுபடி ஊசி போட்டுப் பார்ப்பது பயன் தரும். பல சமயம் சாதாரணக் கட்டி என்றே தெளிந்துவிடும். 4 அப்படியில்லை. செல்கள் கட்டியின் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. ஊசியில் வரும் உதிரி செல்களில் அது தெரியாது, எவ்வளவு பெரிய டாக்டர் பார்த்தாலும்.

சில இடங்களில் இன்னமும் கையால் தடவிப் பார்த்தே குத்துகிறார்கள். ஸ்கேன் பார்த்துக் குத்தும் இடமாகத் தேடுங்கள். 25 அல்லது 27 கேஜ் மெல்லிய ஊசி போதும். தடித்த ஊசியால் பலமாக உறிஞ்சினால் ரத்தம் நிறைந்து செல்கள் மறைந்துவிடும். குறைந்தது 10 செல்கள் கொண்ட 6 கொத்தாவது இல்லையென்றால் பொதுவாக 'போதாத சாம்பிள்' என்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். ரத்த டெஸ்டில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைவாக இருந்தால் ஊசிக்கு முன் நியூக்ளியர் ஸ்கேன்: அதிகமாக ஹார்மோன் சுரக்கும் 'ஹாட்' கட்டியில் புற்றுநோய் அபூர்வம், ஆனால் ஊசியில் அது 4 போலவே தெரிந்து வீணாகப் பயமுறுத்தும்.

சில லேப்கள் வர்ணனை மட்டும் எழுதி எண் போடுவதில்லை. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் (செல்களைப் பூசிய கண்ணாடித் துண்டுகள்) வாங்குங்கள்: ஆல்கஹாலில் போட்டது, காற்றில் உலர்த்தியது இரண்டும், செல் பிளாக் (செல்களை மெழுகில் பதித்த கட்டி) இருந்தால் அதுவும். ஸ்கேன் படமும், அதை வைத்துக் கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் டைராட்ஸ் எண்ணும் கூடவே இருக்கட்டும். ஸ்லைடு பெட்டியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் கண்ணாடி நொறுங்கும். டாக்டருக்கு டாக்டர் கருத்து அதிகம் மாறுவது 3-ல்தான் என்பதால், நீங்கள் வசிக்கும் நாட்டுக்குத் திரும்பியதும் ஸ்லைடுகளை மறுபடி படிக்கச் சொல்வது வீண்போகாது. அஃபிர்மா, தைரோசீக் மாதிரி மரபணு டெஸ்ட் வேண்டுமென்றால் ஊசி போடும்போதே தனித் திரவத்தில் சாம்பிள் எடுப்பதுதான் வழக்கம். அதையும் நீங்கள் வசிக்கும் நாட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

"ஃபிளைட்டுக்கு முன்னாடியே ஆபரேஷனை முடிச்சுடலாம்" என்பார்கள். 3, 4-க்குச் சில வாரத் தாமதத்தால் பொதுவாக எதுவும் கெட்டுவிடாது. ஒரே பக்கம் ஒரே கட்டி என்றால் பாதித் தைராய்டை எடுப்பதே வழக்கம். முழுசாக எடுக்கணும் என்றால் காரணம் கேளுங்கள்: அதன்பின் ஆயுள் முழுக்க மாத்திரை, கால்சியம் குறையும் தொல்லையும் வரலாம்.