சிங்கப்பூர் ஈரத்தில் ஒரு மிருதங்கம்: எட்டு வருட அனுபவம்

2017 டிசம்பர் விடுமுறையில் மயிலாப்பூரில் சொல்லிவைத்துச் செய்து வாங்கியது. பலாமரம், 24 அங்குலம், தக்கு சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி. வாங்கியது மகனுக்கு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வருடம் வந்ததும் அவன் விலகிவிட்டான். அவனுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்த சார் என்னைப் பார்த்து, “வாத்தியம் சும்மா கெடந்தா கெட்டுப்போயிடும்மா, நீங்க வாங்க” என்றார். நாற்பத்தொரு வயதில், பிள்ளைகளோடு பிள்ளையாக, ‘த தி தொம் நம்’மிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் சுருதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இங்கே அதுதான் பாதிப் பிரச்சினை. காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டும் ஊர் இது. மழை பெய்தால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஏர்கானில் வைத்தால் காய்ந்து ஏறும். வீட்டில் ஒரு கட்டைச் சுருதிக்குச் சரியாகச் சேர்த்து, எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உறையைத் திறந்தால் அது வேறெங்கோ நிற்கும். இப்போதெல்லாம் அரைமணி நேரம் முன்னதாகவே போய், அறையின் குளிருக்கு அது பழகிய பிறகுதான் சுருதி சேர்க்கத் தட்டும் கல்லையும் மரக்கட்டையையும் கையில் எடுக்கிறேன்.

அந்தக் கல்லால் ஒரு கதை உண்டு. கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி ஒருநாள் மின்தூக்கியில் மடக்கி, “உங்கள் வீட்டில் புதுப்பிப்பு வேலை எப்போது முடியும்?” என்று கேட்டார். வாசிப்பு அவர் காதில் விழவே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு நான் டக் டக்கென்று சுருதி சேர்ப்பதைத்தான் யாரோ சுவரில் ஆணி அடிப்பதாக நினைத்திருக்கிறார். அன்றிலிருந்து அடியில் பழைய போர்வை; எட்டு மணிக்கு மேல் கல்லைத் தொடுவதில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் மிருதங்கம் கற்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாக. கீழ்வீட்டுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ரவை. இடதுகை வாசிக்கும் தொப்பிப் பக்கம் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்பினால்தான் அந்தக் கனமான ‘தொம்’ வரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஒரு நவராத்திரி இரவு, கோயிலில் வாசித்த களைப்பில் அப்படியே உறையில் போட்டுப் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஜிப்பைத் திறந்தால் புளித்த தோசைமாவு வாசம், ஓரத்தில் பச்சைப் பூசணம், தோல் வார் நெடுகிலும் எறும்பு வரிசை. தோலில் விழுந்த கறை இன்றும் போகவில்லை. அதற்கப்புறம் உறைக்குள் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று எப்போதும் இருக்கிறது.

பழுது பார்ப்பது அதைவிடத் தலைவலி. வலதுகைப் பக்கமான வலந்தலையில் சோறு, அதாவது நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு, உதிரத் தொடங்கியபோது இங்கே ஒருவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ‘நம்’ இருந்தது, ‘தின்’ செத்துப்போயிருந்தது. அதிலிருந்து மூட்டு (வாசிக்கும் தோல் பகுதி) மாற்றும் வேலையெல்லாம் டிசம்பர் சென்னைப் பயணத்தோடுதான்.

2020 ஏப்ரலில் ஊரே அடங்கியபோது வகுப்பு திரைக்கு வந்தது. சார் தாளம் போட, நான் வாசிக்க, அவருக்கு என் சொல் அரை மாத்திரை தள்ளிக் கேட்க, இருவருக்கும் எரிச்சல். கடைசியில் பதிவுசெய்து அனுப்பினேன். அவர் கேட்டுத் திருத்தினார். சொல்லப்போனால் அந்த மாதங்களில்தான் என் இடதுகை தேறியது. என் வாசிப்பை நானே திரும்பக் கேட்க வேண்டியிருந்ததே!

கச்சேரி கேட்பதும் மாறிவிட்டது. முன்பெல்லாம் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் காப்பிக்கு எழுந்துபோகும் ஜாதி நான். இப்போது அதற்காகவே போகிறேன். நவம்பரில் எஸ்பிளனேடு கலையரங்கில் நடக்கும் கலா உற்சவத்தைத் தவறவிடுவதில்லை. 245 பேர் மட்டுமே அமரும் அங்குள்ள ரிசைட்டல் ஸ்டூடியோ போன்ற சிறிய இடங்கள்தான் எனக்குப் பிடிக்கும். பெரிய அரங்குகளில் ஒலிபெருக்கி வலந்தலையைத் தீட்டிக் காட்டிவிட்டு, தொப்பியின் கும்கியை விழுங்கிவிடுகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்தி நகரும்போது எழும் அந்த முனகல், பக்கத்தில் இருந்தால்தான் முழுசாகக் கேட்கும்.

மூன்று வருடம் முன்பு இரண்டாவதாக நட் போல்ட் மிருதங்கம் ஒன்று வாங்கினேன், 22 அங்குலம், பெண் குரலுக்கு ஐந்து கட்டையில் வாசிக்க. ஸ்பேனரால் திருகினால் போதும், கல் வேண்டாம். கீழ்வீட்டு ஆண்ட்டிக்கு நிம்மதி. ஆனால் வார் மிருதங்கத்தின் நாதம் இதில் இல்லை, கனமும் கூடுதல். தினசரி சாதகத்துக்கு இது, மேடைக்குப் பழையது. இந்த டிசம்பரில் பழையதற்குப் புது மூட்டு. கறை பட்ட தொப்பியையும் சேர்த்து மாற்றச் சொல்லலாமா என்று சாரிடம் கேட்டேன். “சத்தம் நல்லாத்தானேம்மா இருக்கு, விடுங்க” என்கிறார்.