மடியில் கிடக்கும் கிட்டாருக்கு எந்தப் பிக்கப்?

அக்கூஸ்டிக் லேப் ஸ்டீலுக்கு, அதாவது மடியில் படுக்கவைத்து வாசிக்கும் கிட்டாருக்கு, பிக்கப் (ஒலியை மின் சிக்னலாக மாற்றும் கருவி) தேடுகிறவர்கள் பெரும்பாலும் சாதாரண கிட்டாருக்கு எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். இதில் தந்திகள் பலகையை விட்டு நன்றாக உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் மேல் ஒரு ஸ்டீல் பார் உரசிக்கொண்டே போகிறது. வைசன்பார்ன் வகையாக இருந்தால் கழுத்துக்கூட உள்ளே வெற்றிடம்தான். இந்த மூன்றும் சேர்ந்து கணக்கையே மாற்றிவிடும்.

முதலில் சேடிலுக்கு (தந்திகள் ஏறி உட்காரும் மெல்லிய துண்டு) அடியில் வைக்கும் பீசோ பட்டை; அழுத்தத்தையும் அதிர்வையும் மின் சிக்னலாக மாற்றும் பொருள்தான் பீசோ. இதில் நமக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு. பட்டையின் தடிமன் அளவுக்குச் சேடில் உயரும். சாதாரண கிட்டாரில் அதைச் சரிக்கட்ட சேடிலின் அடியைத் தேய்த்தே ஆகவேண்டும். மடி கிட்டாரில் தந்தி ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் சேடிலின் அடியும் அது உட்காரும் பள்ளமும் தட்டையாக இருக்கவேண்டும். என்னுடையதில் மூன்றாவது தந்தி முனகியது, மற்றவை கத்தின. பட்டை கெட்டுவிட்டது என்று நினைத்துச் சேடிலைக் கழற்றினால், பள்ளத்தில் கடுகளவு மரத்தூள்! அதைத் துடைத்ததும் சரியானது. ஒலிதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் அழுத்தி மீட்டினால் வாத்து கத்துவதுபோல் கேட்கிறது.

அடுத்தது, பிரிட்ஜுக்கு (சேடிலைத் தாங்கும் மரக்கட்டை) நேர் கீழே, பெட்டிக்குள் ஒட்டும் பீசோ வட்டுகள். கே அண்ட் கே ப்யூர் மினி இந்த வகை: மூன்று வட்டுகள், சூப்பர் குளூ, பேட்டரி கிடையாது. மரத்தின் குரல் இதில்தான் வருகிறது. கூடவே பார் தந்தியில் இறங்கும் 'டொக்', பலகையில் உள்ளங்கை உரசுவது எல்லாம் வரும். ஒலியைக் கூட்டினால் கழுத்துவரை குடைந்த பெட்டி அடித்தொனியில் ஊளையிட ஆரம்பிக்கும். வாங்குமுன் ஒலித்துளைக்குள் உங்கள் கை நுழைகிறதா என்று பாருங்கள். பல மடி கிட்டார்களில் துளை சிறியது.

காந்தப் பிக்கப்புக்குத் தந்தி ஆடுவதுதான் முக்கியம், பெட்டியின் குமுறலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு வேறு வழியில்லை என்றே சொல்வேன். சிக்கல் தந்தி உயரத்தில் இருக்கிறது: தூரம் கூடக் கூட சிக்னல் வேகமாக மெலியும். பிக்கப்புக்கு அடியில் மெல்லிய மரத்துண்டு கொடுத்துத் தூக்கலாம். அப்புறம் தந்தி. வெண்கலச் சுற்றுக்குக் காந்தம் இசையாது, உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியை மட்டுமே அது உணரும். அதனால் சுற்றில்லாத மெல்லிய தந்திகள் மட்டும் தூக்கலாகக் கேட்கும். நிக்கல் சுற்றிய தந்திக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும். எல்.ஆர். பேக்ஸ் எம்1 போன்றவை பெட்டியின் அதிர்வையும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் வெறும் எலக்ட்ரிக் கிட்டார்போல் ஒலிப்பதில்லை.

உள்ளே வைக்கும் மைக் பதிவுக்கு அருமை, மேடையில் தலைவலி. இரண்டு வகையைக் கலந்து வைக்கலாம் என்பார்கள். செலவும் வயரும் இரட்டிப்பாகும், முதல் பிக்கப்புக்கே அது தேவையில்லை.

பீசோ எதுவானாலும் பிரீஆம்ப் (மிக்சருக்கு முன்னால் சிக்னலைப் பலப்படுத்தும் கருவி) இல்லாமல் மிக்சரின் லைன் இன்புட்டில் நேரே செருகாதீர்கள். அங்கே இன்புட் மின்தடை (இம்பீடன்ஸ்) பத்து கிலோஓம் அளவுதான். பீசோவுக்குக் குறைந்தது ஒரு மெகாஓம் வேண்டும். இல்லாவிட்டால் அடித்தொனி கழன்றுபோய் ஒலி தகரம்போல் ஆகிவிடும். பிக்கப் மோசம் என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேரின் பிரச்சினை இதுதான் என்பது என் சந்தேகம். பிரீஆம்பில் ஃபேஸ் (phase, அலையின் திசை) மாற்றும் பொத்தானும், ஊளையிடும் சுருதியை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரும் இருந்தால் ஊளையையும் அடக்கலாம்.

தனியாகவோ, இன்னொரு கிட்டாரோடோ வாசிப்பவருக்கு என் ஓட்டு வட்டுகளுக்கே. குழுவோடு சத்தமாக என்றால் காந்தம். சேடில் பட்டை ஏற்கெனவே பொருத்தப்பட்டு வந்தால் இருக்கட்டும், புதிதாக வாங்க மாட்டேன்.

வட்டுகளை எடுத்தவுடன் ஒட்டிவிடாதீர்கள். போஸ்டர் ஒட்டும் களிம்பில் தற்காலிகமாக வைத்து, ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். களிம்பு மேல்தொனியைக் கொஞ்சம் விழுங்கும். ஒலி மங்கலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாமல், ஆறு தந்திகளும் சமமாக வருகின்றனவா என்பதை மட்டும் கவனியுங்கள்.