பாதியில் நிற்கும் வாஷிங் மெஷின்: முதலில் எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள்

ஏழெட்டு வருஷமாக ஒரே ஃப்ரன்ட் லோடு மெஷினைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழு கிலோ, ஹீட்டர் உள்ளது. வீடு மதுரையில் ஆனையூர்ப் பக்கம், முதல் மாடி. மாநகராட்சிக் குழாயில் வைகைத் தண்ணீர் வருகிற அன்று குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்பதற்கே நேரம் சரியாக இருக்கும், துணிக்கெல்லாம் போர் தண்ணீர்தான். பக்கெட்டில் பிடித்து வைத்தால் இரண்டே நாளில் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே மெஷின் இன்னும் ஓடுகிறது. இடையில் பலமுறை பாதியில் நின்றிருக்கிறது, பீப் பீப் என்று கத்தியிருக்கிறது, துணியை உள்ளே வைத்துக்கொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறது. அத்தனையிலும் உண்மையிலேயே பெரிய பார்ட் கெட்டுப்போனது மிகக் குறைவு. தண்ணீர் வருவதில் கோளாறு, இல்லை போவதில் கோளாறு, இல்லை துணி போட்ட விதம், இல்லை கரண்ட். பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான்.

எர்ரர் கோடு வந்தவுடனே எல்லோரும் போனில் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரே கோளாறுக்கு ஒவ்வொரு கம்பெனிக்காரரும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வெளியேறவில்லை என்றால் எல்ஜியில் ஓஇ என்று வரும், சாம்சங்கில் 5சி அல்லது 5இ, போஷில் இ18. மூன்றும் சொல்வது ஒன்றே, குறிப்பிட்ட நேரத்துக்குள் தண்ணீர் மட்டம் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று எந்தக் கோடும் சொல்லாது. ஃபில்டர் அடைப்பா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா, பம்ப் போய்விட்டதா, பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்குகிற ஜாலியே அடைத்திருக்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். அதனால் நான் கோடைவிட, மெஷின் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நின்றது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். தண்ணீர் பிடிக்கும்போதா, சூடாக்கும்போதா, வெளியேற்றும்போதா, பிழியும்போதா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நின்றால் தண்ணீர் வரத்துதான். எல்ஜியில் ஐஇ, சாம்சங்கில் 4சி என்று காட்டுவது இதைத்தான். குழாயைத் திறந்திருக்கிறோமா, டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தபிறகு, பின்னால் தண்ணீர் உள்ளே வருகிற இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். குழாயை மூடிவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். ஹோஸ் மாட்டுகிற வாயில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும், நடுவில் பிடித்து இழுக்க ஒரு முளை இருக்கும். குறடால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். எங்கள் வீட்டில் அதை எடுத்தால் ஒரு பக்கம் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்து வலையின் ஓட்டையே தெரியாது, மறுபக்கம் டேங்கிலிருந்து வந்த பாசி, நடுநடுவே மணல். பழைய டூத் பிரஷால் தேய்த்தால் பாசியும் மணலும் போய்விடும், சுண்ணாம்பு போகாது. சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டால்தான் அது விடும். கோடையில் டேங்க் அடிமட்டத்துக்குப் போகும் மாதங்களில் இந்த வலை சீக்கிரம் அடைக்கும், அடியில் தங்கின வண்டல் எல்லாம் குழாய்க்குள் இறங்குவதால்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. மொட்டை மாடி டேங்க் நம் தலைக்கு மேலேயே இருந்தால் அழுத்தம் போதாது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு) கிடைக்கும். மெஷின் கேட்பது மாடலுக்கு மாடல் மாறும், கூடவே வருகிற புத்தகத்தில் போட்டிருப்பார்கள், 0.3 பாரிலிருந்து 1 பார் வரை பார்த்திருக்கிறேன். டேங்கின் அடிப்பகுதி மெஷினிலிருந்து மூன்று மீட்டர்தான் உயரம் என்றால் 0.3 பார், அவ்வளவுதான். கீழ் வீட்டில் அதே மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், மேல் வீட்டில் வாரம் ஒருமுறை நிற்கும். இதற்கு மெஷினை மாற்றிப் பயனில்லை. டேங்கை உயர்த்த வேண்டும், அல்லது தானாக ஓடி நிற்கிற சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். நாங்கள் பம்ப் வைத்தோம், அதற்கப்புறம் அந்தப் பிரச்சினையே வரவில்லை.

இதற்கு நேர் எதிராக, தண்ணீர் பிடித்துக்கொண்டே இருக்கிறது, மட்டம் ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் தண்ணீர் வெளியே போகிற டிரெய்ன் ஹோஸைப் பாருங்கள். ஹோஸின் முனையைத் தரையோடு தரையாகப் போட்டிருந்தால், உள்ளே வருகிற தண்ணீர் தானாகவே வெளியே இழுத்துக்கொண்டு போய்விடலாம். முனை தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேலே, 100 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான புத்தகங்களில் இருப்பது. ரொம்ப உயர்த்திக் கட்டினாலும் பம்ப் தள்ள முடியாமல் திணறும்.

நடுவில், துவைத்துக்கொண்டிருக்கும்போது வீட்டு மெயின் ட்ரிப் ஆகிறதா? இது கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். போர் தண்ணீரில் ஹீட்டர் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டும். ஓடு தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கிற கம்பி அளவுக்கு மீறிச் சூடாகி, ஹீட்டரின் உறை விரிசல் விட்டுக் கரண்ட் கசிய ஆரம்பிக்கும். கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்சான ஆர்சிசிபி தன் வேலையைச் செய்யும், அதனால்தான் ட்ரிப். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சூடு இல்லாமல், பச்சைத் தண்ணீர் செட்டிங்கில் ஒருமுறை ஓட்டுங்கள். முழுசாக ஓடி முடிந்து, 40 டிகிரி வைத்தால் மட்டும் ட்ரிப் ஆனால் சந்தேகம் ஹீட்டர் மேல்தான். தயவுசெய்து ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்து ஓட்டாதீர்கள். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்றுகொண்டு தொடுகிற பொருள் அது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். ஹீட்டர் மட்டுமே 2000 வாட் வரை இழுக்கும், 16 ஆம்ப் பிளக் பாயிண்ட் தனியாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு கட்டாமல் இருக்க நான் செய்வது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலி ட்ரம்மில் நூறு கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுவது. பவுடர் எதுவும் சேர்க்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் அறவே கூடாது, ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்கிற கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிட்டால் எத்தனை நாளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளலாம். இன்லெட்டில் மாட்டச் சொல்லி உருண்டை உருண்டையாக உப்பு போட்ட ஒரு ஃபில்டர் விற்கிறார்கள். அது கடினத்தன்மையை எடுக்காது, சுண்ணாம்பு ஒட்டிக்கொள்வதைத்தான் குறைக்கும், சூடான தண்ணீரில் அந்தச் சக்தியும் குறையும். நான் மாட்டியிருக்கிறேன், ஆனாலும் சிட்ரிக் ஆசிட்டை நிறுத்தவில்லை.

அடுத்து தண்ணீர் வெளியேறும் கட்டம். எங்கள் வீட்டில் அதிகம் நின்றது இங்கேதான். ஒருதடவை இப்படி நின்றபோது வந்த சர்வீஸ் ஆள் மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "போர்டு போயிருச்சுக்கா, மாத்தித்தான் ஆகணும்" என்றார். மெஷினை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டைத்தான் சொன்னார். பல ஆயிரம் ரூபாய் கணக்கு. "தம்பி, முதல்ல அந்தக் கீழ் மூடியைத் திறந்து பாருங்க, அப்புறம் போர்டைப் பத்திப் பேசுவோம்" என்றேன். முன்பக்கம் கீழே வலது ஓரத்தில் சின்னக் கதவு, அதற்குள் திருகி எடுக்கிற ஃபில்டர். முதலில் பக்கத்தில் இருக்கிற குட்டி ட்யூபை ஒரு தட்டில் விட்டுத் தண்ணீரை வடித்தோம். அப்புறம் மூடியைத் திருகி இழுத்தால், மல்லிகைப்பூச் சரத்தின் வாழைநார் நீளமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அதோடு கட்டி முறுக்கின தலைமுடி, துருப்பிடித்த ஊக்கு ஒன்று, ஒரு ரூபாய்க் காசு, எல்லாவற்றின் மேலும் கரையாத சோப்புப் பவுடரும் சுண்ணாம்பும் சேர்ந்த சாம்பல் நிறக் களி. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பம்பின் விசிறி தெரியும், அதிலும் நார். ஒரு குச்சியால் அதை எடுத்துவிட்டு விசிறியைத் தள்ளிப் பார்த்தோம், விட்டு விட்டுத் திரும்பியது. அது அப்படித்தான் திரும்பும், உள்ளே காந்தம் இருப்பதால். மூடியைத் திருப்பி மாட்டி ஓட்டினால் அதே மெஷின், அதே போர்டு, தண்ணீர் சரசரவென்று வெளியேறியது.

இந்த ஊரில் பூ வைக்காத வீடு குறைவு. தலையணை உறையிலும் தாவணியிலும் ஒட்டிக்கொண்டு நார் உள்ளே போய்விடுகிறது. அதனால் துணியை ஒருமுறை உதறிவிட்டுப் போடுவதும், மாதம் ஒருமுறை இந்த ஃபில்டரைத் திறப்பதும் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. கதவு ரப்பரின் மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள், ஹேர்பின் அங்கேதான் ஒளிந்திருக்கும். அது ட்ரம்முக்கு வெளியே விழுந்தால் ஹீட்டரில் மாட்டும், ட்ரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற டப்பையே கிழிக்கவும் செய்யும். சூடு வைத்து ஓட்டும்போது நின்றிருந்தால் உடனே ஃபில்டரைத் திறக்க வேண்டாம், தண்ணீர் ஆறட்டும்.

பிழிகிற கட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷத்திலேயே நேரம் நின்றுகொண்டிருந்தால் எடை சமநிலை இல்லை என்று அர்த்தம். பெரும்பாலான மெஷின்கள் வேகமெடுப்பதற்கு முன் ட்ரம்மை மெதுவாக இப்படியும் அப்படியும் சுற்றித் துணியைப் பரப்பப் பார்க்கும், முடியாவிட்டால் திரும்பத் தண்ணீர் பிடித்துக்கூட முயற்சி பண்ணும், அப்புறம்தான் யூஇ அல்லது யூபி என்று கைவிரிக்கும். இதில் வேட்டியும் புடவையும்தான் முதல் குற்றவாளிகள். நாலு முழ வேட்டிகள் இரண்டு, ஒரு புடவை, ஒரு கைலி சேர்ந்தால் தேர் வடம் மாதிரி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாய்த் தொங்கும். சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து தங்கிப் போனதும் ஜமுக்காளத்தையும் கனத்த போர்வையையும் ஒவ்வொன்றாகப் போட்டால் கட்டாயம் நிற்கும், தனி ஒன்று கனமாக இருந்தால் எதிர்ப்பக்கம் எடையே இருக்காது. இரண்டு துண்டைச் சேர்த்துப் போட்டால் சரியாகப் போகும். ஜமுக்காளத்தை மெஷினில் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. சுங்குடிப் புடவையைப் புதுசில் தனியாகக் கையில் அலசுங்கள், சாயம் இறங்கி நின்றபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நுரை அதிகமானாலும் பிழியாது. கைத்துவைப்புக்கான பவுடரை ஃப்ரன்ட் லோடில் போட்டால் நுரை பொங்கும், நுரை அடங்கும்வரை மெஷின் காத்திருக்கும், நேரம் நீண்டுகொண்டே போகும். உப்புத் தண்ணீரில் நுரை வராததால் அள்ளிப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. மெஷின் பவுடரை அளவாகப் போட்டுவிட்டுக் கூடுதலாக ஒரு அலசல் வைப்பது நல்லது. தண்ணீர் மட்டத்தை அளக்கிற சென்சாருக்குப் போகிற மெல்லிய ட்யூபில் இந்தச் சோப்புக் களி அடைத்தால், காலி டப்பைக் கூட நிறைந்திருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும். ஃபில்டர், ஹோஸ், பம்ப் எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர்க் கோளாறையே காட்டினால் மெக்கானிக்கிடம் அந்த ட்யூபை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் வந்தால் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்தே ஓடும். கதவு உடனே திறக்காது, பூட்டுக்குள் இருக்கிற தகடு ஆறுவதற்கு ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும், பிடித்து இழுத்தால் கைப்பிடிதான் உடையும். எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒருநாள் இங்கே ஒருநாள் அங்கே என்று நின்றால் அடியில் எலி புகுந்து ஒயரைக் கடித்திருக்கலாம். அடி மூடாத மாடல் என்றால் வலை அடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா மெஷினில் போர்டு மாற்றிய பிறகும் நின்றுகொண்டே இருந்தது, கடைசியில் பார்த்தால் கடிபட்ட ஒரே ஒரு ஒயர்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால், எந்தக் கட்டத்தில் நின்றது, என்ன கோடு, எதையெல்லாம் நீங்கள் பார்த்தாகிவிட்டது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். பார்ட் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள். நியாயமில்லாமல் நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இப்போது என் மெஷினில் பிழியும்போது ஒரு இரைச்சல் வர ஆரம்பித்திருக்கிறது, ட்ரம்மைக் கையால் தூக்கினால் லேசாக ஆட்டமும் இருக்கிறது. ட்ரம் சுழல்வதைத் தாங்குகிற பேரிங்தான். சில மாடல்களில் டப்பை ஒட்டியே அடைத்திருப்பார்கள், பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது, முழு டப்பும் மாற்ற வேண்டிவரும். என்னுடையது ஸ்க்ரூ போட்டது, பிரிக்கலாம் என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சித்திரைக் கூட்டம் வருவதற்குள் பேரிங்கையும் அதற்குள் தண்ணீர் போகாமல் தடுக்கிற ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றிவிடப் போகிறேன்.